காங்கோவுக்கு நீங்கள் சொல்லாத பதில்: பெல்ஜிய நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பெல்ஜிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை உங்கள் அரசருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோவில் நடந்த கொடுமைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது இரண்டாம் லியோபோல்டு என்ற ஒரு மன்னரின் பேராசை, நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பழியை ஒரே ஆள் தலையில் கட்டிவிடுகிறார்கள். காங்கோ மண்ணில் ஒருநாள்கூடக் கால் வைக்காத அந்த மன்னர், பெல்ஜியத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் பெரிய அந்த நாட்டை 1885 முதல் 1908 வரை தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் ஒப்புதல் கொடுத்தது யார்? மன்னர் இன்னொரு நாட்டுக்கும் தலைவராக வேண்டுமானால் நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும் என்றது உங்கள் அரசமைப்புச் சட்டம். 1885 ஏப்ரலில் உங்கள் அவை சம்மதித்தது. கையில் காசில்லாமல் அவர் திண்டாடிய 1890-இல் இரண்டரைக் கோடி பிராங்க் வட்டியில்லாக் கடன் கொடுத்ததும் உங்கள் அவைதான்.

அந்தச் சமயத்தில்தான் காற்றடைத்த டயர் வந்து ரப்பர் விலை ஏறியது. காங்கோ காட்டில் ரப்பர் கொடியாகத் தானே படர்ந்து கிடந்தது. தோட்டம் போட வேண்டாம், காத்திருக்க வேண்டாம், காட்டுக்குள் போய்ப் பால் எடுத்துவர ஆள் மட்டும் வேண்டும். ஆள் சேர்த்த விதம் இது: ஊருக்குள் படை நுழையும், பெண்களைப் பிடித்து அடைத்துவைக்கும். ஆண்கள் சொன்ன எடைக்கு ரப்பர் கொண்டுவந்தால்தான் அந்தப் பெண்களுக்கு விடுதலை. பால் உறைவதற்காக அதைத் தங்கள் மார்பிலும் கையிலும் தொடையிலும் பூசிக் காயவிட்டு, பிறகு ரோமத்தோடு பிய்த்தெடுத்தார்கள். எடை குறைந்தால் நீர்யானைத் தோல் சாட்டை. எதிர்த்து நின்ற ஊருக்குத் துப்பாக்கி. தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிடக் கூடாது என்று, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் சாட்சியாக ஒரு வலது கையை வெட்டிவந்து காட்டும்படி சிப்பாய்களுக்கு உத்தரவு. குறி தவறியவனும் மான் சுட்டவனும் உயிரோடிருப்பவர்களின் கையை வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். கைகள் வழியில் அழுகாமலிருக்கப் புகைபோட்டுக் கூடைகளில் சுமந்து வந்தார்கள்.

1904-இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ந்சாலா என்பவர் திண்ணை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு சின்னக் கை, ஒரு சின்னப் பாதம். ரப்பர் கம்பெனியின் காவலாட்கள் கொன்றுபோட்ட அவருடைய மகள் போவாலியினுடையவை அவை. அவளுக்கு வயது ஐந்து. ந்சாலா கேமராவைப் பார்க்கவில்லை. உங்கள் நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கையும் பத்திரிகையாளர் மோரெலின் பிரசாரமும் உலகத்தின் வாயைத் திறந்த பிறகு, 1908-இல் காங்கோவை உங்கள் நாட்டின் காலனியாக நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். கையிழந்தவர்களுக்கு எதுவும் இல்லை. மன்னரின் காங்கோ கடன்களைத் தலையில் ஏற்றுக்கொண்டு, போதாதற்கு அவருடைய 'தியாகங்களுக்கு' நன்றியாக ஐந்து கோடி பிராங்க் ஒதுக்கினீர்கள். கைமாற்றத்துக்கு முன்பு அவர் ஆவணங்களை நாட்கணக்கில் உலையில் போட்டு எரித்தார். எத்தனை உயிர் போயிற்று என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சாட்சியத்தை எரித்த வீட்டார் எண்ணிக்கை சரியில்லை என்று வாதாடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அதன் பிறகு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நேரடியாக உங்கள் ஆட்சி. செம்பு போயிற்று, ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியமும் போயிற்று. விடுதலை கேட்டபோது, அவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று பதில் வந்தது. 1960-இல் அந்தப் பெரிய நாட்டில் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. அந்த நிலையை உண்டாக்கியவர்களே அதைக் காரணமாகக் காட்டினால் எந்த மக்களுக்குத்தான் விடுதலை கிடைக்கும்?

1960 ஜூன் 30 அன்று, இன்று கின்ஷாசா எனப்படும் தலைநகர் லியோபோல்டுவில்லில், விடுதலை விழா மேடையிலேயே, காங்கோவின் விடுதலை லியோபோல்டின் மேதைமையில் உருவான பணியின் பலன் என்றார் அன்றைய உங்கள் மன்னர். நிகழ்ச்சி நிரலில் பெயரில்லாத பிரதமர் பாத்ரிஸ் லுமும்பா எழுந்தார். பசியாறவும் மானமாக உடுக்கவும் போதாத கூலிக்கு உழைத்ததையும், கறுப்பர் என்பதற்காகக் காலை, பகல், இரவு அடிபட்டதையும், கறுப்பரை 'நீ' என்றும் வெள்ளையரை மட்டும் 'நீங்கள்' என்றும் அழைத்ததையும், சட்டத்தின் பெயரால் நிலம் பறிபோனதையும் சொன்னார். அதை மரியாதைக் குறைவு என்றார்கள். அவர் சொன்னதில் எது பொய் என்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. ஏழு மாதத்துக்குள், 1961 ஜனவரி 17-இல், காங்கோவின் தெற்கிலுள்ள கட்டங்காவில் பெல்ஜிய அதிகாரிகள் கண்முன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சிய ஒரு பல்லைக் குடும்பத்தாரிடம் நீங்கள் ஒப்படைத்தது 2022 ஜூனில்.

நீங்கள் எதையுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். லுமும்பா கொலைக்காக 2002-இல் உங்கள் வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். காலனி ஆட்சிக் காலத்தில் தாயிடமிருந்து பறித்துக்கொண்டு போன கலப்பினக் குழந்தைகளுக்காக 2019-இல் பிரதமர் உங்கள் அவையிலேயே மன்னிப்புக் கேட்டார். அப்படிப் பறிக்கப்பட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில், அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. காலனி ஆட்சி முழுவதையும் விசாரிக்க 2020-இல் நீங்கள் அமைத்த குழு மட்டும், மன்னிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் 2022 டிசம்பரில் உடன்பாடில்லாமல் கலைந்தது. மன்னிப்புக் கேட்டால் இழப்பீடு தர வேண்டிவருமோ என்ற பயம். மன்னருக்கு நன்றி சொல்ல ஐந்து கோடி ஒதுக்கிய அவை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

குழு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். 1885-இன் சம்மதம், 1890-இன் கடன், 1908-இன் பணம், அதன் பிறகான ஐம்பத்திரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லி மன்னிப்புத் தீர்மானமாக எழுதி அவையில் வாக்கெடுப்புக்கு விடுங்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது காங்கோ மக்களுக்குத் தெரியும்படி பெயரோடு பதிவாகட்டும்.