ஜப்பானுக்குப் பனியன் போகும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் பனியனை ஜப்பானில் ஆன்லைனில் விற்றுத் தர முன்வந்த மூன்று ஏஜென்சிகளின் விலைப்பட்டியலையும் பார்த்தேன். மூன்றிலும் விளம்பரச் செலவுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. உன் சரக்கு பச்சைக் குழந்தைப் பனியன். அதனால் முதலில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தைப் பற்றிக் கேள். 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் அது 16 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 16 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது ஜப்பான் சட்டம். பெரியவர்களின் உள்ளாடைக்கு 75 வரை விடுகிறார்கள். திருப்பூரில் சோதித்துத் தேறிய பனியன்கூட அங்கே போய்த் தவறலாம். கிடங்கில் பக்கத்தில் கிடக்கும் சுருக்கம் விழாமலிருக்க ரெசின் ஏற்றிய சட்டையிலிருந்தும் பிளைவுட் அலமாரியிலிருந்தும் அது காற்று வழியாக வந்து பருத்தியில் ஏறிக்கொள்ளும். ஆகவே சோதித்த கையோடு ஒவ்வொரு உருப்படியையும் பாலிபையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். "ரிட்டர்ன் வந்த, பை பிரித்த பனியனை என்ன செய்வீர்கள்?" என்று கேள். அப்படியே ஸ்டாக்கில் சேர்ப்போம் என்பவர்கள் வேண்டாம்.

அளவையும் அவர்களே கிளப்புகிறார்களா என்று பார். அங்கே அம்மாக்கள் குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் வைத்துத்தான் வாங்குவார்கள்: 50-60, 70, 80, 90. நம் "6-9 மாதம்" லேபிளோடு போனால் அளவு சரியில்லையென்று திரும்பி வரும். பிறந்த குழந்தைக்கான உள்பனியனில் தையலும் லேபிளும் வெளிப்பக்கம் இருப்பதை விரும்புவார்கள். நூல் விகிதமும் சலவைக் குறியும் ஜப்பானிய முறையில் லேபிளில் இருக்க வேண்டும். பொறுப்பாளரின் பெயரும், முகவரியோ தொலைபேசி எண்ணோ ஒன்றும் வேண்டும். அங்கே ஏஜென்சியின் பெயர் ஏறினால், நாளைக்கு ஆளை மாற்றும்போது இருக்கும் சரக்குக்கெல்லாம் லேபிள் மாற்றிக் கொண்டிருப்பாய்.

இதைவிடப் பெரிய ஆபத்து கணக்குகளில் இருக்கிறது. கடைக் கணக்கு, டிரேட்மார்க், இறக்குமதியாளர் பெயர் மூன்றும் உன் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். டிரேட்மார்க்கில் முதலில் விண்ணப்பித்தவருக்கே அங்கே முன்னுரிமை. வெளிநாட்டு டிரேட்மார்க்குக்கான மாட்ரிட் முறையில் இங்கிருந்தே விண்ணப்பித்துவிடு. அங்கே அலுவலகம் இல்லாமல் உன் பெயரில் இறக்க, "ஜெய்கான் ஜிமு கன்ரினின்" என்ற சுங்கப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து இறக்குமதியாளர் யார் என்பதில் சுங்கத்துறை கண்டிப்பாகிவிட்டது. ஏஜென்சி தன் பெயரில் இறக்கினால், சுங்கத்தில் கட்டும் 10 சதவீத நுகர்வு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுடையதாகிவிடும். 2011 ஆகஸ்டில் வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தத்தால் நம் ஆயத்த ஆடைக்குச் சுங்க வரி இல்லை. ஆனால் சரக்கு இந்தியாவில் தயாரானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழ் சரக்கோடு போய்ச் சேர வேண்டும். அதை யார் கவனிப்பார்கள் என்று பெயர் சொல்லிக் கேள்.

ராக்குடென் என்ற ஜப்பானிய ஆன்லைன் சந்தையா அமேசானா என்பதில் அவ்வளவு குழம்பாதே. ராக்குடெனில் கடைப் பக்கத்தை நீயே வடிவமைக்க வேண்டும், படமும் எழுத்தும் நிறைய வேண்டும், ஆள் வேலை அதிகம். அமேசானில் அந்தச் சுமை குறைவு. முதல் ஆண்டுக்கு அமேசானே போதும் என்பது என் எண்ணம். பிறகு ராக்குடெனுக்குப் போனால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் வரும் சூப்பர் சேலுக்கு முன்பே சரக்கு கிடங்கில் இருக்க வேண்டும். கப்பலில் போக வாரக்கணக்கில் ஆகும்.

உன் சொந்தத் தளத்தில் விற்றால் பெயர், முகவரி, தொலைபேசி, திருப்பி வாங்கும் நிபந்தனை எல்லாம் ஜப்பானிய மொழியில் தெரிய வேண்டும். நிபந்தனையைக் குறிப்பிடாவிட்டால், கையில் கிடைத்த நாளிலிருந்து 8 நாளுக்குள் வாங்கியவர் தன் செலவில் திருப்பி அனுப்பலாம். போனை எடுத்து ஜப்பானிய மொழியில் பேசுவது யார் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

காசு கொடுத்து வாடிக்கையாளர் விமர்சனம் வாங்கித் தருகிறோம் என்று இரண்டாவது ஏஜென்சி எழுதியிருக்கிறதே, அது கூடவே கூடாது. விளம்பரம் என்று சொல்லாமல் விளம்பரம் செய்வது 2023 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டவிரோதம். நடவடிக்கை பிராண்டின் மேல்தான் வரும், எழுதியவர் மேல் வராது.

கமிஷன் மொத்த விற்பனைக்கா, ரிட்டர்னும் ரத்தும் கழித்த பிறகா என்று எழுத்தில் வாங்கு. கையெழுத்துப் போடும் முன் விலகும் ஷரத்து இருக்கும் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பு கண்ணு.

அப்பா