செயலாளரின் ஆண்டறிக்கை: தீவுப் பாலூட்டிகளின் அடர்த்தி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டு நம் பயிற்சி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. தீவில் எலிகளைப் பிடித்து எண்ணிவிட்டால் அடர்த்தி தெரிந்துவிடுமா? 60 எலிகளுக்குக் குறியிட்டு விடுகிறோம். அடுத்த சுற்றில் சிக்கிய 50-இல் 15 குறியுள்ளவை என்றால், பத்துக்கு மூன்று குறியுள்ளவை; தீவு முழுக்க அதே விகிதம் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 200. சரி, அந்த 200 எத்தனை ஹெக்டேருக்கு? கூண்டு வரிசைக்கு வெளியே வசிக்கிற எலியும் உள்ளே வந்து மாட்டுமே! கூண்டு வைத்த பரப்பால் மட்டும் வகுத்தால் அடர்த்தி ஏறிவிடும். எந்த விலங்கு எந்தக் கூண்டில் சிக்கியது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைச் சூழலியலாளர் மரே எஃபர்ட் 2004-இல் வெளியிட்டார். நாம் பழகியது அதைத்தான்.

தீவில் ஒரு வசதி, கடலே எல்லை. ஆனால் கரையோரக் கூண்டைச் சுற்றியுள்ள தண்ணீரையும் வாழிடமாகச் சேர்த்துவிட்டால் அடர்த்தி இறங்கிவிடும். அதனால் வரைபடத்தில் முதலில் கடலை நீக்குங்கள்.

தீவுகளில் எலிகள் நெருக்கமாக வாழ்வது உண்டு. இருட்டியதும் கூண்டுகள் நிறைந்துவிடும், பிந்தி வந்தவை கணக்கில் வராது. சில தீவுகளில் நண்டு இரையைத் தின்று கதவை மூடிவிடும். அதற்காகத்தான் புதிய படிவத்தில் 'மூடியிருந்தது, உள்ளே எதுவுமில்லை' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தயவுசெய்து அதை வெறுமையாக விடாதீர்கள். என் பார்வையில் படிவத்திலேயே முக்கியமான கட்டம் அதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு: கலிபோர்னியாவின் சான் மிகுவெல், சாண்டா ரோசா தீவுகளில் 2000 வாக்கில் தீவு நரிகள் தலா 15 மட்டுமே மிஞ்சின. பொன்னாங்கழுகு வேட்டையாடியதே முக்கியக் காரணம். சரிவு கணக்கெடுப்பில் தெரிந்ததால் நரிகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காப்பாற்றினார்கள். 2016-இல் அவை அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே நீங்கின. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையிலுள்ள பிராம்பிள் கே தீவு எலிக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 2014-இல் கூண்டும் கேமராவும் வைத்துத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை.

வரும் ஆண்டு கேமராப் பதிவுகளைப் படிக்கும் பயிற்சி நடத்த உத்தேசம். அப்புறம், கூண்டுகளை விடியற்காலையிலேயே திறந்து பார்ப்பது கட்டாயம். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் உயிர் தாங்காது.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்