காத்திருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். வெளிநாட்டு ஊழியப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த சாட்சியை வாசித்தேன். விமானம் தவறியது, பெட்டி வராமல் போனது எல்லாமே சாத்தானின் தடை என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் பாறசாலைப் பகுதியிலிருந்து உகாண்டாவுக்குப் போன மருத்துவ ஊழியக் குழுவில் நானும் இருந்தேன். எங்களுக்கு நேர்ந்த தடைகளில் பெரும்பாலானவை டிக்கெட் எடுத்த அன்றே முடிவாகிவிட்டவை. அதை மறைத்துவிட்டுச் சபையில் சாட்சி சொல்வது சரியல்ல.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வரை ஒரு விமான நிறுவனம். அங்கிருந்து உகாண்டாவின் எண்டெபே விமான நிலையம் வரை வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். தலைக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று ஏஜென்ட் சொன்னார், பயணக் கமிட்டியும் ஒத்துக்கொண்டது. புறப்பட்ட இரவில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டியது, விமானம் மணிக்கணக்கில் தாமதமானது. நாங்கள் வளைகுடாவில் இறங்கும்போது அடுத்த விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் வேறு விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் முதல் நிறுவனம் தன் வேலை முடிந்தது என்கிறது. இரண்டாவது நிறுவனம் பயணி வரவில்லை என்று பதிந்துவிடுகிறது. பெட்டிகள் தாமாக அடுத்த விமானத்துக்கு மாறிவிடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். மாறவில்லை. அவற்றை எடுக்க வெளியே போக வேண்டும், வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். எங்களில் யாரிடமும் விசா இல்லை.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய இன்சுலின் பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. நல்ல வேளையாக விமான நிலைய மருத்துவ அறையில் உதவினார்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம். இதைப் புறப்படும் முன் ஜெபக்கூடுகையில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

நாங்கள் பட்ட சிரமம் பெரிதல்ல. கண் பரிசோதனை என்று கேள்விப்பட்டு அந்த ஊர் மக்கள் சபை வளாகத்தில் வந்து காத்திருந்தார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே வந்த தாய்மார் இருந்தார்கள் என்று அங்குள்ள போதகர் சொன்னார். மறுநாளும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வயதானவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கவும் கண்ணாடி போதவில்லை. கண்ணாடிக்கென்று வைத்திருந்த பணம் புது டிக்கெட்டுக்குப் போய்விட்டது. அது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடியரிசிக் காணிக்கையிலும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் சேர்ந்த பணம். உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைத்த பெண்களிடம் இந்தக் கணக்கை யார் சொல்வது? சாத்தான் மேல் பழி போட்டால் அந்தக் கணக்கு அப்படியே மூடிப்போகிறது.

பவுலின் கப்பற்சேதத்தை நாம் அடிக்கடி பிரசங்கத்தில் கேட்கிறோம். அதற்கு முன்பே, காலம் கடந்துவிட்டது, இப்போது போனால் சேதம் வரும் என்று அவர் எச்சரித்ததையும், அவரைக் கொண்டுபோன ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி அவரை விட்டு மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பியதையும் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் சொல்கிறது. மாரிகாலத்துக்கு முன் வந்து சேரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவர்தான். விசுவாசமுள்ளவர் பருவத்தையும் பார்த்தார். நம் நாட்டுக்கு வந்த மிஷனரிகளின் கதை வேறு. 1816இல் இங்கிலாந்தில் கப்பலேறிய மீட் ஐயர் 1818இல்தான் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்தார். அந்தத் தாமதத்தையும் மலிவு டிக்கெட்டால் வந்த தாமதத்தையும் ஒரே தட்டில் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்னொரு விஷயம். உகாண்டாவுக்குள் நுழையவே அந்த ஊசி போட்டதற்கான அட்டை வேண்டும். ஊசி போட்டுப் 10 நாள் கழிந்த பிறகே அது செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போடுவதில்லை, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். எங்கள் குழுவில் ஒரு தம்பி கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டதால் 10 நாள் நிறையவில்லை. கவுன்டரிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். மாதக்கணக்காக ஜெபித்து ஆயத்தப்பட்ட பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பியதை என்னால் மறக்க முடியவில்லை.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்திருக்கிறது. அதன்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்டால்தான் இழப்பீடு. ஊழியத்துக்குப் போனவர்கள் காசு கேட்டு நிற்பதா என்று எங்களில் சிலர் தயங்கினார்கள். காணிக்கைப் பணத்துக்கு உக்கிராணக்காரராய், கணக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளராய் இருப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் கடற்கரைக்குக் கடந்துபோவதற்காகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆண்டுக்கு இருமுறை ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுகிறார்கள். முன்கூட்டியே அறிவித்து, விமான நேரங்களை அதற்கேற்ப மாற்றிவிடுகிறார்கள். முன்கூட்டிச் சொன்னால் எதையும் சமாளிக்கலாம். எங்கள் கமிட்டியோ டிக்கெட் விவரத்தைப் புறப்படும் நாள் வரை யாருக்கும் சொல்லவில்லை.

தமிழ்நாடு, கேரள எல்லையின் இருபுறமும், களியக்காவிளையிலும் நெய்யாற்றின்கரையிலும், அடுத்த பயணங்களுக்கு இப்போதே பெயர் கொடுக்கிறார்கள். காணிக்கைக் கவர் கொடுக்கும் முன், டிக்கெட் ஒன்றா இரண்டா, இடையில் எத்தனை மணி நேரம், தவறினால் செலவுக்கு எந்தப் பணம், யார் யாருக்கு ஊசி போட்டாயிற்று என்பதைச் சபைக் கூட்டத்தில் வாசிக்கும்படி கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உகாண்டாவில் கண்ணாடி கிடைக்காதவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தப் போதகரிடம் இருக்கிறது. அவர்களுக்கு அனுப்ப எங்கள் சங்கம் மறுபடியும் பிடியரிசி சேர்க்கத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்,
பாறசாலை