பாட்டியின் பள்ளியும் ஒரு இங்கிலீஷ் சொல்லும்

தேஜோன், தென் கொரியா, அக்டோபர் 12

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல்.

இங்கே எனக்குப் புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்கு இங்கிலீஷ் வாத்தியார்! பையனுக்கு நவம்பரில் சுனுங், கல்லூரி நுழைவுத் தேர்வு. இங்கிலீஷ் லிசனிங் நடக்கும் அரை மணி நேரச் சொச்சம் நாடு முழுக்க விமானம்கூட ஏறாது, இறங்காது.

போன வாரம் அவனை மடக்கிய சொல், ட்விண்டில் (dwindle). அவன் வாயில் அது டு-வின்-டுல். கொரிய எழுத்தில் இரண்டு மெய் சேர்ந்து தொடங்க வழியில்லை. நடுவே உகரம் மாதிரி ஒன்றைச் செருகிவிடுவார்கள். இஸ்கூலுக்குப் போன நாம் சிரிக்க முடியுமா?

அதை விடு. அவனுடைய சொல் புத்தகத்தில் டிக்ரீஸ், டிக்ளைன், டிமினிஷ், ட்விண்டில் நாலுக்கும் ஒரே பொருள்: கம்சோஹாதா, குறைதல். அதை நம்பி, 'அரசு பட்ஜெட்டை ட்விண்டில் செய்தது' என்று எழுதிவிட்டான். தப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஏன் என்று சொல்ல வரவில்லை. கடைசியில் நம் தமிழய்யாதான் காப்பாற்றினார். தன்வினை, பிறவினை! கொரிய மொழியிலும் அந்த ஜோடி உண்டு: தானாகக் குறைந்தால் ஜுல்தா, ஒருவர் குறைத்தால் ஜுரிதா. டிக்ரீஸ் இரண்டுக்கும் ஆகும், ட்விண்டில் ஜுல்தாவுக்கு மட்டும் என்றேன். 'ஆஆ' என்று நீட்டினான்.

எவ்வளவு குறைந்தால் ட்விண்டில் என்பது அடுத்த கேள்வி. ஐம்பதில் இரண்டு போனால் டிக்ரீஸ் போதும். ட்விண்டில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிற பக்கம் நகர வேண்டும். சித்திரையில் கிணறு வற்றுவதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் கிணறே பார்த்ததில்லை. ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டிதான் உதாரணம் கொடுத்தார். அவர் படித்த கிராமத்துப் பள்ளியில் வகுப்புக்கு 60 பிள்ளைகளாம். வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் ஏழு பேர் இருந்தபோது மூடிவிட்டார்கள். தென் கொரியாவில் 1970-இல் 10 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 2023-இல் 2.3 லட்சம்தான்.

பையன் உடனே எழுதினான்: 'பாட்டியின் பள்ளி ட்விண்டில் ஆனது.' பள்ளி என்பதை அடித்துப் 'பிள்ளைகளின் எண்ணிக்கை' என்று திருத்தினேன். பாட்டிக்கு நான் திருத்தியது பிடிக்கவில்லை. 'பள்ளியும்தான்' என்று ஆப்பிள் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பழைய தமிழ் இலக்கணப் புத்தகம் கையில் இருந்தால் தன்வினை, பிறவினைப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. அடுத்த வாரம் 'டேப்பர்' (taper) என்ற சொல் வருகிறது.

உன்,
சோம்பேறி நண்பன்