புற்றுக்காளானும் மஞ்சள் தண்ணீர் சோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலச் சமையல் பக்கத்தில் வந்த காட்டுக்காளான் மிளகுக் குழம்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்குக் கீழே கட்டம் கட்டி, ‘விஷக்காளானைக் கண்டுபிடிக்க’ என்று போட்டிருந்த நாலு வரிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மஞ்சள் தண்ணீரில் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நீலம் பாரிக்கும், பூச்சி அரித்த காளான் என்றால் தைரியமாகச் சாப்பிடலாம் என்கிறது அந்தக் கட்டம். நாலுமே தப்பு. மழை பிடிக்கும் நேரத்தில் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

மஞ்சள் சிவப்பது காரத்தன்மை பட்டால். அதற்கு ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போதும். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அவித்த முட்டையும் அந்த வேலையைச் செய்யும். பூண்டு புளிப்பில் ஊறினாலே சில நேரம் பச்சையும் நீலமுமாகத் திரும்பும். பூச்சி விஷயம்தான் இருப்பதிலேயே மோசம். மனிதக் கல்லீரலை அழிக்கும் அமானிட்டா காளானை நத்தை சாதாரணமாகத் தின்னும். அந்த விஷத்தைத் தாங்கும் ஈக்களும் உண்டு, அவற்றின் புழுக்கள் அதற்குள்ளேயே வளரும். அந்த விஷத்துக்குப் பெயர் அமாடாக்சின். கொதிக்க வைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. தண்ணீரில் கரையும் என்பதால் குழம்பிலும் இறங்கியிருக்கும். துண்டை ஒதுக்கிவிட்டுச் சாறு மட்டும் ஊற்றிக்கொண்டவருக்கும் பங்கு உண்டு.

இதற்காகக் காட்டுக்காளான் பக்கமே போகாதீர்கள் என்று எழுத மனம் வரவில்லை. புற்றுக்காளானின் ருசிக்கு ஈடாகக் கடையில் எதுவும் கிடைப்பதில்லை. மொட்டு, சிப்பி, பால் காளான் எல்லாவற்றையும் குடிசை போட்டு வளர்க்க முடிகிறது. புற்றுக்காளானை மட்டும் இன்றுவரை யாராலும் பண்ணையில் வளர்த்து விற்க முடியவில்லை. காரணம், அதை வளர்ப்பது கறையான். மென்று கழித்த இலை, மரத்தூள் கொண்டு புற்றுக்குள் அது கட்டும் தேன்கூடு போன்ற பஞ்சுக் கட்டிதான் இந்தப் பூஞ்சைக்கு நிலம். நல்ல மழைக்குப் பின் அங்கிருந்து ஒரு நீண்ட வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. குடையின் உச்சியில் இருக்கும் கூரான குமிழ் மண்ணைத் துளைப்பதற்கென்றே உள்ளது. அதே குடும்பத்தில் அரிசிக்காளானும் உண்டு. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குடையோடு நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் பூத்துக் கிடக்கும்.

சிக்கல் எங்கே என்றால், தென்னிந்தியாவில் பரவலாக இருக்கும் புற்றுக்காளான் வெள்ளைக் குடை, தண்டில் வளையம் என்று இருக்கும். பச்சை மடிப்பு விஷக்காளானும் அப்படித்தான் (குடைக்கு அடியில் வரிவரியாக இருப்பதுதான் மடிப்பு), அமானிட்டாவில் சில இனங்களும் அப்படித்தான். மேலிருந்து பார்த்துப் பிரிக்கவே முடியாது. கைபேசியில் குடையைப் படம் எடுத்து செயலியிடம் கேட்பவர்களும், வாட்ஸ்அப் குழுவில் ‘இது சாப்பிடலாமா’ என்று போடுபவர்களும் பார்க்க வேண்டியதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

எனவே கூட்டத்தில் ஒரு காளானையாவது பிடுங்காமல் தோண்டி எடுக்க வேண்டும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் குச்சியால் பக்கவாட்டில் மண்ணைப் பறித்துக்கொண்டே போனால், புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் மெலிந்து வேராக நீண்டு புற்றை நோக்கி இறங்குவது தெரியும். சில நேரம் ஓர் அடிக்கு மேலும் போகும். அமானிட்டா அப்படி இருக்காது. தண்டின் அடி குண்டாகி, கிழிந்த பை போன்ற உறைக்குள் உட்கார்ந்திருக்கும். கையால் இழுத்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வருவது அப்பாவியான ஒரு வெள்ளைக் காளான். மீதியைத் தண்டைத் திருகி எடுங்கள். மண்வெட்டியால் புற்றைக் கொத்திவிட்டால் அடுத்த மழைக்கு அங்கே எதுவும் வராது.

அடுத்தது தூள் சோதனை. விரிந்த குடையின் தண்டை ஒட்ட நறுக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் மடிப்புப் பக்கம் கீழாக வைத்து, கிண்ணத்தால் மூடி, ஒரு ராத்திரி விட்டால் ஸ்போர் தூள், அதாவது காளானின் விதை போன்ற நுண்துகள், காகிதத்தில் படியும். புற்றுக்காளானுக்கு லேசான இளஞ்சிவப்புச் சாயல், அமானிட்டாவுக்கு வெள்ளை, பச்சை மடிப்புக் காளானுக்குப் பச்சை. இளஞ்சிவப்பு வந்துவிட்டதே என்று அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம், அந்த நிறத் தூள் விடும் விஷக்காளான்களும் உண்டு. வேர், புற்று, தூள் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒன்று இடித்தாலும் குப்பைக்குத்தான்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. புற்றுக்காளான் ருசிப்பது குடை முழுக்க விரியாத பருவத்தில். விரிந்து ஒரு நாள் போனால் புழு வைத்துவிடும். ஆனால் அடையாளம் சொல்ல முடியாத பருவமும் அதுவே. மொட்டாக இருக்கும்போது தூள் விழாது. பச்சை மடிப்புக் காளானின் மடிப்புகள் இளமையில் பால் வெள்ளையாக இருந்து, தூள் முற்றிய பிறகுதான் பச்சைக்குத் திரும்பும். புல்தரையிலும் தோப்பிலும் வட்டம் கட்டி முளைக்கும் இது, 10 முதல் 25 சென்டிமீட்டர் குடையில் பழுப்புச் செதில்களோடு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். வளையத்தைத் தண்டில் மேலும் கீழும் நகர்த்தலாம், வேர் கிடையாது. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடித்து ஆட்டும். உயிர் போவது அரிது என்றாலும் குழந்தைக்கும் வயதானவருக்கும் உடம்பில் நீர் வற்றுவதே ஆபத்து. ஆகவே மொட்டுகளைச் சமைப்பதென்றால், அதே கூட்டத்தில் விரிந்த ஒன்றைச் சோதித்து முடித்த பிறகுதான்.

சமவெளியில் பழகிய கண் மலையில் உதவாது. அமானிட்டாக்களில் பெரும்பாலானவை சில மரங்களின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வளர்பவை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்களுக்கு அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்து நிற்பதும் இந்தக் குடும்பம்தான். வெளிநாட்டிலும் இதே கதை. வைக்கோல் காளானைத் தின்று வளர்ந்த தென்கிழக்காசியர்கள் அமெரிக்காவில் குடியேறிய பின், அதைப் போலவே அடியில் பை வைத்திருந்த அமானிட்டாவைப் பறித்து மாண்டிருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பலர் தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள். காளான் பறிப்பது அங்கே பழகிய வேலை.

அமாடாக்சின் ஆளைக் கொல்வது அவசரமில்லாமல். முதல் 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட, ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, தண்ணீர் தண்ணீராகப் பேதி. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் அது நின்று முகம் தெளியும். வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்று தோன்றுவது அப்போதுதான். கல்லீரல் வெந்துகொண்டிருப்பதும் அப்போதுதான். பெரியவர் ஒருவரின் உயிரை எடுக்கப் பாதிக் குடை போதும். சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்து வயிறு கலங்கினால் அதை அஜீரணம் என்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் கலங்கினால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை, கூடையில் இரண்டு வகை கலந்திருக்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒருவருக்கு வந்தால் அந்தக் குழம்பைச் சாப்பிட்ட அத்தனை பேரும் கிளம்ப வேண்டும், நன்றாக இருப்பவர்களும்தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்ற இரண்டு நேரங்களும் மருத்துவருக்கு மிக முக்கியம்.

அந்தக் கட்டத்துக்கு மறுப்பு போடும்போது, குடைப் படத்தை மட்டும் போடாமல் தோண்டி எடுத்த அடித்தண்டின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். செய்முறையிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: காட்டுக்காளான் சமைக்கும் நாளில் சமைக்காத முழுக் காளான் இரண்டை, அடித்தண்டும் மண்ணுமாக, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அதையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்புப் பயிற்றுநர்,
பொள்ளாச்சி