மெகாவாட் எத்தனை என்பதோடு செட்டிங் என்ன என்றும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய சூரிய மின் நிலையமோ காற்றாலைத் தொகுதியோ திறக்கப்படும்போது எத்தனை மெகாவாட், எத்தனை வீடுகளுக்குப் போதும் என்று செய்தி வருகிறது. பெரிய மின்தடை ஒன்று நேர்ந்துவிட்டால், வெயிலையும் காற்றையும் நம்பியதால் வந்த வினை என்று ஒரு தரப்பும், அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மறு தரப்பும் எழுதத் தொடங்குகின்றன. மின்தடைகள் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படித்தால், இந்த வாதத்தில் யாரும் தொடாத ஓரிடத்தில் விஷயம் புதைந்திருப்பது தெரியும்: சூரிய, காற்று மின்சாரத்தை வீடுகளுக்கு வரும் வகை மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்குள்ளும், பழுதைக் கண்டால் துண்டிக்கச் சொல்லும் ரிலேக்குள்ளும் எழுதிவைக்கப்பட்ட செட்டிங்குகள், அதாவது எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண்கள்.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. சூறாவளியில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டே நிமிடத்தில் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளைச் சரியாகவே தாங்கின. ஆனால் குறுகிய நேரத்துக்குள் இத்தனை சரிவுகளுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று அவற்றில் பலவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. அப்படி ஒரு வரம்பு இருப்பதே மின்தொகுப்பை (நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலையை) இயக்கியவர்களுக்குத் தெரியாது. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அந்தப் பற்றாக்குறை அத்தனையும் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்புப் பாதையின் மேல் விழுந்தது, அது துண்டித்துக்கொண்டது, மாநிலம் தனித்துப்போய் அணைந்தது. காற்றுக்கு அன்று குறைவில்லை. பிறகு அந்த வரம்பு மாற்றப்பட்டது. அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இத்தகைய செட்டிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 10,000 மெகாவாட் அளவுக்கு ஜெனரேட்டர்கள் சுழலும் ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் சுழலும் நிறையிலும் சுமார் 4 விநாடி முழு உற்பத்திக்குச் சமமான ஆற்றல் சேமித்து இருக்கிறது என்றால், மொத்தம் 40,000 மெகாவாட்-விநாடி. திடீரென 500 மெகாவாட் இழந்தால் அதிர்வெண் (மின்னலை விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது; இயல்பில் 50 ஹெர்ட்ஸ்) எவ்வளவு வேகமாக விழும்? 50-ஐ 500-ஆல் பெருக்கி, 40,000-இன் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: விநாடிக்கு ஏறத்தாழ 0.31 ஹெர்ட்ஸ். தானியங்கிச் சுமைத் துண்டிப்பு (தொகுப்பைக் காக்கச் சில ஊர்களின் மின்சாரத்தைத் தானாக நிறுத்துவது) 49 ஹெர்ட்ஸில் தொடங்குவதாக இருந்தால், அதை எட்ட 3.2 விநாடி ஆகும். அதே சுமையில் பாதியைச் சாதாரண இன்வெர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரம் ஏற்றுக்கொண்டு, பாதி ஜெனரேட்டர்கள் நிறுத்தப்பட்டால், விழும் வேகம் இரட்டிக்கிறது. கிடைக்கும் நேரம் 1.6 விநாடி மட்டும். அதிர்வெண் விழும்போது சுமையும் கொஞ்சம் தானாகக் குறையும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. நீராவி டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தன் பங்கை முழுதாகக் கொடுக்கப் பல விநாடிகள் பிடிக்கும் என்பதால், அது விழித்துக்கொள்வதற்குள் ஊர்கள் துண்டிக்கப்பட்டுவிடும்.

விழும் வேகமே சில கருவிகளுக்கு ஆபத்தின் அறிகுறியாகத் தெரிவதுதான் இதைவிட மோசம். கூரை, தோட்டம் போன்ற சிறு நிலையங்களில் தொகுப்பு அறுந்துபோனதைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பிரிட்டனில் அதன் பழைய செட்டிங் விநாடிக்கு 0.125 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன இரண்டு நிலைகளிலும் அது தவறாகவே துண்டித்திருக்கும். 2019 ஆகஸ்ட் 9 அன்று இதேதான் நடந்தது. மின்னல் தாக்கிய அதே தருணத்தில் ஹார்ன்சீ கடல் காற்றாலை 737 மெகாவாட்டை இழந்தது, லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு நிலையமும் படிப்படியாக நின்றது. கூடவே, ஒரு பழுதும் இல்லாத நூற்றுக்கணக்கான மெகாவாட் சிறு நிலையங்கள் தாமாகவே விலகிக்கொண்டன. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, சுமார் 11 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்தச் செட்டிங்கை விநாடிக்கு 1 ஹெர்ட்ஸ், அரை விநாடி தாமதம் என்று மாற்றும் பணி, நிலையம் நிலையமாக ஆட்களை அனுப்பிச் செய்ய வேண்டிய பணி.

ஜெர்மனியும் இந்தப் பாடத்தைக் கற்றது. அங்கே கூரை இன்வெர்ட்டர்கள் எல்லாம் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் ஒரே கணத்தில் அணையும்படி விதி இருந்தது. சில ஆயிரம் கூரைகள் இருந்த காலத்தில் அது பாதுகாப்பு. லட்சக்கணக்கில் பெருகியதும் அதுவே அபாயமாகிவிட்டது. 2012-இல் தொடங்கி லட்சக்கணக்கான நிலையங்களில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. இன்று இணைப்பவை அந்த எல்லையைத் தாண்டியதும் படிப்படியாகக் குறைகின்றன. முதல் நாளிலேயே எழுதியிருந்தால் ஒரு வரி.

மின்னழுத்தம் தனிக் கதை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியது. ஏறியதால் நிலையங்கள் விலகின, விலகியதால் இன்னும் ஏறியது. அன்றைய ஸ்பெயின் விதிப்படி சூரிய, காற்று நிலையங்கள் நிலையான பவர் ஃபேக்டரில் (மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) ஓடின; ஏறும் மின்னழுத்தத்தை இறக்கும்படி யாரும் அவற்றைக் கேட்கவில்லை. அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த வழக்கமான நிலையங்களில் சிலவும் எதிர்பார்த்த அளவு ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் உதவும் திறனை) உறிஞ்சவில்லை.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. 100 மெகாவாட் நிலையம் 0.95 பவர் ஃபேக்டரில் இரு பக்கமும், அதாவது ரியாக்டிவ் பவரைத் தரவும் உறிஞ்சவும், இயங்க வேண்டுமானால் சுமார் 33 மெகாவார் ரியாக்டிவ் பவர் வேண்டும். இன்வெர்ட்டரின் கொள்ளளவு 105 மெகாவோல்ட்-ஆம்பியருக்குச் (இரண்டு திறன்களும் சேர்ந்த மொத்தத்தின் அலகு) சற்று மேல் இருந்தால் போதும். ஆனால் அந்த அளவை எங்கே அளப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். இன்வெர்ட்டர் முனையில் 33 இருந்தாலும், நடுவில் உள்ள மின்மாற்றி முழுச் சுமையில் பத்து மெகாவாருக்கு மேல் தின்றுவிடலாம். தொகுப்போடு இணையும் இடத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்றுதான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெயில் இல்லாத இரவிலும் இன்வெர்ட்டரால் இந்த வேலையைச் செய்ய முடியும். சுமை குறைந்த நீண்ட மின்பாதைகளில் மின்னழுத்தம் ஏறுவது இரவில்தான் அதிகம் என்பதால், அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மின்தேக்கப் பேட்டரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டும். நல்ல பேட்டரி விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முழுத் திறனையும் கொடுக்கும். ஆனால் மாலை உச்சச் சுமைக்காக முழுவதும் விற்றுத் தீர்த்த பேட்டரி, எட்டு மணிக்கு ஒரு ஜெனரேட்டர் விழுந்தால் எதையும் தராது. 200 மெகாவாட்டை அரை மணி நேரம் தாங்க 100 மெகாவாட்-மணி எப்போதும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்; அந்த ஒதுக்கீட்டுக்குத் தனியாகப் பணமும் தர வேண்டும். இன்னொன்று, தொகுப்பின் மின்னலையைப் பின்தொடர்ந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டரோடு வரும் பேட்டரி, பின்தொடர அலையே நிலையாக இல்லாத பலவீனமான முனையில் தடுமாறும். மின்னலையைத் தானே உருவாக்கும் க்ரிட் ஃபார்மிங் வகை அங்கே வேண்டும். அல்லது தெற்கு ஆஸ்திரேலியாவில் 2021-இல் வைத்ததுபோல், எரிபொருள் இல்லாமல் சுழலும், பறக்கும் சக்கரம் பூட்டிய சிங்க்ரோனஸ் கண்டென்சர்கள் வேண்டும். பழுது நேரும்போது ஜெனரேட்டர் தன் இயல்பு மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு கொடுக்கும், இன்வெர்ட்டர் 1.1 அல்லது 1.2 மடங்குக்கு மேல் கொடுக்காது. இயல்பைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் வந்தால்தான் வேலை செய்யும்படி வைத்த பழைய ரிலேக்கு அந்தப் பழுது கண்ணிலேயே படாது. அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் நீடிப்பது உயிர்ச்சேதம் என்பதால், இணைப்பு அனுமதி தரும் முன் சுற்றிலுமுள்ள துணைமின்நிலைய ரிலேக்களை மறுபடி கணக்கிடுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்வெர்ட்டரின் செட்டிங் பட்டியலைத் தொகுப்பை இயக்குபவரிடம் ஒப்படைத்து, கடவுச்சொல்லிட்டுப் பூட்ட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் பழைய எண்கள் தொழிற்சாலை எண்களுக்குத் திரும்பிவிடக்கூடும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் பட்டியலை மீண்டும் படித்து ஒப்பிட வேண்டும். மில்லிவிநாடி அளவில் அலைவடிவத்தைப் பதியும் கருவி ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இருக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ப்ளூ கட் காட்டுத்தீயின்போது சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் நின்றது. அதில் பெரும்பகுதி, இன்வெர்ட்டர்கள் கணநேர அலைக் குலுக்கலை அதிர்வெண் வீழ்ச்சி என்று தவறாகக் கணக்கிட்டதால் நின்றது. அதைக் கண்டுபிடிக்க முடிந்ததே பதிவுகள் இருந்ததால்தான்.

ஆகவே அடுத்த திறப்பு விழாச் செய்தியில், இந்த நிலையம் எத்தனை மின்னழுத்தச் சரிவுகளைத் தொடர்ந்து தாங்கும், எந்த அதிர்வெண்ணில் எத்தனை விநாடி கழித்து விலகும், இணைப்பிடத்தில் எத்தனை மெகாவார் தரும் என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். அடுத்த மின்தடையின்போது, எந்த நிலையம் எந்தச் செட்டிங்கால் விலகியது என்ற பட்டியலை வெளியிடும்படி அதிகாரிகளைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மின்தொகுப்புப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர்