யாரை மன்னிப்பது என்று முதலில் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் உங்கள் சஞ்சிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. கண் மங்கிப்போன அம்மாவுக்கு மாதாமாதம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். கடந்த இதழில் மன்னிப்பைப் பற்றி வந்த கட்டுரையில் பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. "தன்னைச் சுட்டவனையே பாப்பரசர் மன்னித்தாரே, எங்கள் தாய்மாருக்கு மட்டும் ஏன் இன்னும் முடியவில்லை?" என்று ஒரு வரி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர்களைத்தான் சொல்கிறார். அம்மாவும் அதில் ஒருவர். எழுதியவர் படித்தவர், திருச்சபை ஏடுகளை என்னைவிட நன்றாக அறிந்தவர், அதனால்தான் கூடுதலாக நொந்தது.

சரி, பாப்பரசரின் கதையையே எடுப்போம். 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் இரண்டாம் யோவான் பவுலைச் சுட்டார்கள். நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, சுட்ட சகோதரனை மனதார மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். 1983 நத்தார் முடிந்து இரண்டாம் நாள் ரோமாபுரிச் சிறைக்குப் போய் அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கதைத்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த மனுசனுக்கு ஒரு பெயர் இருந்தது, மெஹ்மெத் அலி ஆஜா. அவனை அதே இடத்தில் பிடித்தார்கள், விசாரித்தார்கள், ஆயுள்தண்டனை கொடுத்தார்கள், 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியில் மறியலில் இருந்தான். பாப்பரசர் மன்னித்துவிட்டார் என்பதற்காக ஒருவரும் வழக்கை மூடவில்லை, பாப்பரசரும் மூடச் சொல்லவில்லை. இந்தப் பாதியைக் கட்டுரையாளர் ஏன் விட்டார்?

அம்மாவுக்கு அந்தக் கதிரை கிடைக்கவில்லை. எதிரே இருந்து கதைக்க ஆள் இல்லை.

2009 பங்குனியில் தம்பியை இயக்கத்துக்கு, விடுதலைப் புலிகளுக்கு, என்று பங்கருக்குள் இருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. அம்மா காலைப் பிடித்து அழுதும் விடவில்லை. வைகாசியில் எப்படியோ தப்பி வந்து சேர்ந்தான். 18ஆம் திகதி முல்லைத்தீவு வட்டுவாகலில், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் பதியுங்கள், விசாரித்து விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, அம்மாவே அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சேட்டின் மேல் பொத்தான் அறுந்திருந்ததாம், ஊசி குத்திவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லுவார். அவ்வளவுதான் தெரியும். யார் பெயர் எழுதினது, எந்த முகாமுக்குக் கொண்டுபோனது, இருக்கிறானா இல்லையா, எதுவும் தெரியாது. இழுத்துக்கொண்டு போனவர்களும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் கேட்கவில்லை. உங்கள் கட்டுரையாளர்தான் கேட்கிறார், அதுவும் அவர்கள் சார்பில்.

இது முதல் தடவையும் இல்லை. ஒரு வருசம் மரித்த விசுவாசிகளின் திருநாளுக்குப் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கோயிலில் கடித உறை கொடுத்தார்கள். அம்மா அப்பாவின் பெயரை மட்டும் எழுதினார். மகனின் பெயரையும் எழுதுங்கோ அம்மா, மனம் ஆறும் என்று பாதர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அம்மா உறையைத் திருப்பி வாங்கி, அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்த வெறும் இடத்தையும் கோடு போட்டு மூடிக் கொடுத்தார், வேறு யாரும் எழுதிவிடக் கூடாதாம். அப்புறம் 2022இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தபோது, வாங்கிக்கொண்டு அமைதியாக இருங்கோவன் என்று புத்தி சொன்னவர்களும் கோயிலுக்கு வருகிறவர்கள்தான்.

மன்னிப்பைப் பற்றித் திருச்சபை எனக்குக் கற்பித்தது ஞானோபதேச வகுப்பில். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று பாடமாக்கினோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, பாவத்தை வாய்விட்டுச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தும் கொடாதவனுக்கு இந்த ஐந்தும் நிறைவேறாது. இது எங்கள் வீட்டில் நடந்ததால் எனக்கு நன்றாகத் தெரியும்.

1990 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி இயக்கம் விரட்டியது. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் விலைப்பட்டபோது அப்பா ஒரு சிங்கர் தையல் மிசினை மலிவாக வாங்கி வந்தார். அடியில் வெள்ளைப் பெயின்ற்றில் சோனகதெருத் தையல்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அம்மா அதில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். அடுத்த தவக்காலத்தில் அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார், உடையவரைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். எங்கே தேடுவது? பாதையும் இல்லை. 1995 இடப்பெயர்வில் மிசினும் போய்விட்டது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் அப்பா செய்த முதல் வேலை, காசோடு புத்தளத்துக்கு பஸ் ஏறியதுதான். நானும் போனேன். ஓலைக் கொட்டில்களுக்குள் விசாரித்து விசாரித்து அந்த மனுசனைக் கண்டுபிடித்தோம். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் காசை வாங்கி எண்ணினார். வளவு முருங்கை நிற்கிறதா என்று கேட்டார், எங்களுக்குத் தெரியவில்லை. "மன்னிச்சன் எண்டு இப்ப சொல்ல ஏலாது ஐயா, வந்ததுக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, அந்த ஆள் சொன்னது நியாயம் என்றார். ஒரு மிசினுக்கே இப்படி.

கட்டுரையாளருக்கு ஏடுகள் தெரியும், ஆசிரியராகிய உங்களுக்கும் தெரியும். 1963இல் இருபத்துமூன்றாம் யோவான் பாப்பரசர் சமாதானத்துக்கு வைத்த நாலு தூண்களில் முதலாவது உண்மை, பிறகுதான் நீதி, அன்பு, சுதந்திரம். சனங்களோடு சேர்த்து முழு நகரங்களை, பெரும் பிரதேசங்களை அழிக்கிற எந்தப் போர்ச் செயலும் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதிவைத்தது. 1995 யூலை 9 அன்று நவாலிக் கோயிலில் குண்டு விழுந்தபோது எனக்குப் பதினேழு வயது. இடம்பெயர்ந்து வந்த சனம் முற்றத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் சங்க வசனத்தை நவாலியோடு சேர்த்து உங்கள் சஞ்சிகையில் ஒரு தடவையாவது வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை. அதே யோவான் பவுல் 2002 சமாதான தினச் செய்தியில் நீதியில்லாமல் சமாதானமில்லை, மன்னிப்பில்லாமல் நீதியில்லை என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். பிரான்சிஸ் பாப்பரசர் 2020இல் எழுதிய சுற்றுமடலின் 241ஆம் பத்தி இன்னும் வெளிப்படை: அநியாயம் செய்கிறவனை நேசிப்பது என்றால் அவனைத் தொடர்ந்து செய்ய விடுவது இல்லை, பாதிக்கப்பட்டவர் தன் உரிமையைக் கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள். 2019 ஏப்ரல் 21. கர்தினால் ஆண்டகை அடுத்த வருசப் பாஸ்குவுக்கே மன்னித்துவிட்டோம் என்றார், அதன் பிறகும் உண்மையையும் நீதியையும் கேட்டபடியே இருக்கிறார். 2023இல் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதியை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னபோது நான் சந்தோசப்பட்டேன். கோயிலில் குண்டு வெடித்த கொச்சிக்கடைக்கும் கட்டுவாப்பிட்டிக்கும் மன்னிப்பும் நீதியும் சேர்ந்து போகலாம் என்றால், வன்னித் தாய்மாருக்கு மட்டும் நீதி கேட்பது ஏன் மன்னியாமையாகத் தெரிகிறது? இதை எழுதும்போது கை நடுங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரையும் தூக்கில் போட நான் கேட்கவில்லை. 2018இல் திருச்சபை மரண தண்டனை கூடவே கூடாது என்று மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியபோது அம்மாவும் அது சரி என்றுதான் சொன்னார். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று அவர் சொல்லாத இரவு இல்லை. சில நாட்களில் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நின்று மூச்சு எடுப்பார், பிறகு சொல்லி முடிப்பார். அதைக் காணாத ஒருவர் ஏன் முடியவில்லை என்று கேட்கக் கூடாது.

நான் கேட்பது சின்ன விசயம். சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் மரித்த குருக்களின் நினைவு நாட்களைப் போடுகிறீர்கள். 2006 ஓகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டியில் காணாமற்போன ஜிம் பிறவுன் அடிகளாரையும், 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரையும் அந்தந்த மாதம் தனி வரியில் போடுங்கள். இறந்தவர் என்று போடவேண்டாம், காணாமல் ஆக்கப்பட்டவர் என்று போடுங்கள். முடிந்தால் 241ஆம் பத்தியைத் தமிழில் முழுதாக ஒரு மூலையில் அச்சிடுங்கள். இதே இரண்டையும் கேட்டு முன்பும் எழுதினேன், சந்தாவைப் புதுப்பிக்கும்படி மட்டும் பதில் வந்தது. புதுப்பித்தேன்.

இந்த மாதம் நடுவில் ஏன் இரண்டு பக்கத்தை ஒன்றாய்ப் புரட்டினாய் என்று அம்மா கேட்டார். விளம்பரம் என்று சொன்னேன். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போட்டால் அதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

பணிவுடன்,
ஒரு பழைய வாசகி,
மானிப்பாய்